பொழுது தெரியாத அறை

வல்லம் தாண்டி, வேர்க்கடலையை மல்லாட்டை என்கிற ஊரில், மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே அந்த வீடு தனியாக நின்றது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற பஸ்ஸிலிருந்து இறங்கி, மண் பாதையில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். நானும் என் தம்பி வேணுவும் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். அவன் கையில் ஒரு பை. அதில் லுங்கி, பனியன், சோப்பு, அப்புறம் அவன் மகள் காயத்ரி கலர் பென்சிலில் வரைந்து கொடுத்த ஒரு படம். என் தோளில் ரத்தம் எடுக்கிற சாமான்கள் அடங்கிய பெட்டி தொங்கியது.

வாசலுக்குப் போகும் முன்பே என் கண் பக்கச் சுவரில் நின்றுவிட்டது. பழைய சுண்ணாம்புச் சுவரில், ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு மட்டும் புது சிமென்ட் பூசியிருந்தது. ஏதோ ஜன்னலை அடைத்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். தரையிலிருந்து தொடங்குகிற ஜன்னலை நான் எங்கேயும் பார்த்ததில்லை. சரி, அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு எதையும் சட்டென்று நம்புகிற பழக்கம் கிடையாது. விழுப்புரத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். வெறும் வயிற்றோடு வந்திருக்கிறேன் என்று சத்தியம் செய்கிறவர் வாயிலிருந்து சாம்பார் வாசனை வரும். சர்க்கரையே தொடுவதில்லை என்பவரின் சர்க்கரை முந்நூறைத் தாண்டி நிற்கும். இப்படியே பார்த்துப் பார்த்து என் புத்தி இந்த மாதிரி ஆகிவிட்டது.

அதனால் டாக்டர் புனிதாவையும் நான் நம்பவில்லை. திண்டிவனத்தில் பிறந்து வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பியவர். ஐம்பதைத் தொட்டவர், பார்த்தால் முப்பத்தைந்துக்கு மேல் சொல்ல முடியாது. ஆயுளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர் தன் வயதையே இப்படி மறைத்து வைத்திருந்தால் சந்தேகம் வருமா வராதா?

அவர் ஆராய்ச்சியை எனக்குப் புரிகிற மாதிரிதான் விளக்கினார். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறது. வெளிச்சத்தையும் இருட்டையும் பார்த்து அது தன்னைச் சரி செய்துகொள்கிறது. ராத்திரி முழித்து, பகலில் தூங்கி, அதைப் போட்டுக் குழப்பினால் செல்கள் சீக்கிரம் மூப்படைகின்றன. பட்டுப்புடவை முந்தானையில் நூல் பிரியாமல் குஞ்சம் முடிந்திருப்போமே, செல்லுக்குள் இருக்கும் இழைகளின் நுனியிலும் அப்படி ஒரு முடிச்சு உண்டாம். அது தேயத் தேய வயது கூடும். வெளியுலகப் பகலும் இரவும் தெரியாத ஓர் அறையில் ஒரு மனிதனை விட்டால், அவன் கடிகாரம் தன் இஷ்டத்துக்கு ஓடும். அப்போது அந்தத் தேய்மானம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்.

வேணு நெடுஞ்சாலை டோல்கேட்டில் பன்னிரண்டு வருஷமாக ராத்திரி ஷிப்ட் பார்த்தவன். வயது நாற்பத்தொன்று. தலை முழுக்க நரை, கண்ணுக்குக் கீழே பை தொங்கும். நான் அவனுக்கு எட்டு வருஷம் மூத்தவள், ஆனால் தெரியாதவர்கள் அவனைத்தான் என் அண்ணன் என்பார்கள். ராத்திரி ஷிப்ட் ஆட்களைத் தேடி டோல்கேட்டுக்கு வந்த டாக்டர், முதல் முறை அவன் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, செல்களின் வயது அறுபதுக்கு மேல் என்று சொன்னபோது அவன் முகம் செத்துப்போய்விட்டது. எங்கள் அப்பா நாற்பத்தைந்தில் போனவர். வேணுவின் மனைவி, காயத்ரிக்கு மூன்று வயதாகும்போது இறந்துவிட்டாள். அந்தக் குழந்தைக்கு இவனை விட்டால் யாரும் இல்லை.

"அவ படிச்சு முடிச்சு ஒரு வேலைக்குப் போற வரைக்கும் நான் உசுரோட இருந்தா போதும்க்கா. வேற ஒண்ணும் வேணாம்," என்று என்னிடம் சொன்னான். அதற்கு மேல் நான் எப்படித் தடுப்பது? ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். என் தம்பி கையில் ஊசி குத்துவது நானாகத்தான் இருக்க வேண்டும் என்றேன். டாக்டர் ஒத்துக்கொண்டார். காயத்ரியை என் வீட்டில் என் கணவரிடம் விட்டு, நான் வேலைக்கு லீவு போட்டேன்.

வீட்டின் நடு அறைதான் வேணுவுக்கு. ஜன்னல்களைத் தெர்மகோல் வைத்து அடைத்து, மேலே கறுப்பு ரெக்சின் ஒட்டி, ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கதவு போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு கட்டில், மேஜை, குளியலறை, ஏசி. விளக்கின் சுவிட்ச் அவன் கையில். முழித்தால் போட்டுக்கொள்ளலாம், தூக்கம் வந்தால் அணைத்துவிடலாம். கடிகாரம், செல்போன், பேப்பர் எதுவும் கிடையாது. கேமரா வைக்கலாமா என்று டாக்டர் கேட்டார். டோல்கேட் கூண்டில் தலைக்கு மேலே கேமராவோடு இத்தனை வருஷம் உட்கார்ந்தாகிவிட்டது, இங்கேயாவது வேண்டாம் என்று வேணு சொல்லிவிட்டான். அதற்குப் பதிலாக அவன் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, மெத்தைக்கு அடியில் ஓர் உணர்கருவியை வைத்தார்கள். அவன் நடந்தால் பட்டை சொல்லும், படுத்தால் மெத்தை சொல்லும். முன் அறையில் இருந்த கம்ப்யூட்டரில் இரண்டும் கோடுகளாக ஓடும். அவசரம் என்றால் அவன் எங்களோடு பேச, உள்ளே ஒரு பொத்தானும் முன் அறையில் ஒரு பேசும் பெட்டியும் வைத்தார்கள்.

எனக்கும் ஏகப்பட்ட சட்டம் போட்டார் டாக்டர். ரத்தம் எடுக்க உள்ளே போகும்போது கையில் வாட்ச் கூடாது. தலையில் பூ கூடாது, பூ வாடியிருந்தால் மாலை என்று தெரிந்துவிடும். தாளித்த வாசனையோடு வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, "சாப்பிட்டியா?" என்று கேட்கவே கூடாது. தம்பியைப் பார்த்து அதைக் கேட்காமல் வேறு என்னதான் பேசுவது? முதல் தடவை உள்ளே போனபோது வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றேன். அவன் சிரித்துவிட்டான்.

வீட்டுக்காரர் சீனுவாசன் அந்த ஊர் விவசாயி. கொல்லைக்கு அந்தப் பக்கம் புது வீடு கட்டிக் குடிபோயிருந்தார். அன்று சாவி கொடுக்க வந்தவர் வாசற்படியைத் தாண்டவில்லை. கையை மட்டும் உள்ளே நீட்டிச் சாவியைக் கொடுத்தார். அவர் மனைவி அம்மணி ஒரு எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னால் நின்றாள். தினமும் பொழுது சாய்கிறபோது வந்து நடு அறையில் ஒரு விளக்கு மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன் என்று டாக்டரைக் கேட்டாள். பழக்கமாம். டாக்டர் முடியாது என்றார். எண்ணெய் வாசனையிலேயே வேணுவுக்குப் பொழுது தெரிந்துவிடும், ஆராய்ச்சியே கெட்டுப்போகும் என்றார். அம்மணி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, வெளியே சுவரோரமா வெச்சுக்கலாம் வா என்று இழுத்துக்கொண்டு போனார்.

இந்த வீட்டுக்குள் வந்து எட்டிப்பார்க்க ஏதோ காரணம் தேடுகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

முதல் பத்துப் பதினைந்து நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வேணுவின் நாள் நம் நாளைவிட நீண்டு, மெல்ல மெல்ல நகர்ந்தது. நமக்கு மதியம் என்றால் அவனுக்கு நடுநிசி. வெளியே பெண்கள் களை எடுத்துக்கொண்டு சத்தமாகப் பேசிச் சிரிக்கும்போது, உள்ளே அவன் விளக்கை அணைத்துப் படுத்துக் கிடப்பான். சாப்பாடு இரண்டு கதவுக்கும் நடுவே வைக்கப்படும். இட்லி என்றால் காலை என்று தெரியும் என்பதால், எப்போதும் ஒரே மாதிரிக் கஞ்சியும் முட்டையும்தான். பசித்தபோது எடுத்துக்கொள்வான்.

அப்புறம் ஒரு நாள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டுப் பட்டையின் கோடு ஏறி இறங்கியது. வேணு முழித்து நடந்துகொண்டிருந்தான். மெத்தையின் கோடும் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாக, சீராக, மூச்சு இழுத்து விடுகிற கோடு.

நடக்கிறவன் எப்படிப் படுத்திருக்க முடியும்?

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உணர்கருவியில் கோளாறு என்றார். சென்னையிலிருந்து புதிது வரவழைத்து, சாப்பாட்டோடு உள்ளே அனுப்பி, வேணுவையே மாற்றச் சொன்னார். புதியதும் அதையேதான் எழுதியது. வேணு நடக்கிற நேரமெல்லாம் கட்டிலில் யாரோ படுத்திருந்தார்கள். அவன் படுத்ததும், மெத்தையில் ஒரே ஒரு மூச்சு மட்டும் பதிவானது.

நான் முதலில் டாக்டரைத்தான் சந்தேகப்பட்டேன். எங்களுக்குத் தெரியாமல் உள்ளே இன்னொரு ஆளை வைத்து வேறு ஏதோ சோதனை செய்கிறாரோ என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உள்ளே போக வேறு வழி எதுவும் இல்லை. பிறகு வேணு பட்டையைக் கழற்றி ஆட்டி விளையாடுகிறானோ என்று அவனைச் சந்தேகப்பட்டேன். அடுத்த முறை ரத்தம் எடுக்கப் போனபோது கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று சத்தமில்லாமல் கதவைத் திறந்தேன்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பட்டை மணிக்கட்டில்தான் இருந்தது. கட்டிலில் போர்வை மடித்து வைத்திருந்தது, ஆள் இல்லை. ஆனால் ஒரு வாசனை வந்தது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தவளுக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கிறவர்களின் அறையில் வருகிற வாசனை. பவுடர், டெட்டால், அதற்கடியில் புளித்த வியர்வை.

தலையணையில், சுவர்ப்பக்கமாக, ஒரு பள்ளம் இருந்தது.

"என்னடா வேணு, யாருடா இங்க..." என்று ஆரம்பித்தேன். அவன் விரலை உதட்டில் வைத்தான்.

"மெதுவாக்கா. இப்பதான் படுத்தாங்க."

அவன் பக்கத்தில் குனிந்தேன். யார் என்று கிசுகிசுத்தேன். அவன் அதைப் பெரிய விஷயமாகவே நினைக்கவில்லை. டோல்கேட்டில் ஷிப்ட் மாற்றிவிட வருகிற ஆள் மாதிரிதான் என்றான். அவன் முழித்திருக்கும்போது அவங்க படுத்துக்கொள்வார்களாம், அவங்க எழுந்ததும் இவன் படுத்துவிடுவானாம். அறையில் யாராவது ஒருவர் முழித்திருக்க வேண்டும் அல்லவா என்று என்னையே திருப்பிக் கேட்டான். முகம் பார்த்தாயா என்றேன். விளக்கை அணைத்த பிறகுதானே அவங்க எழுந்திருப்பாங்க, எங்கே பார்ப்பது என்றான்.

வெளியே வந்து டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தனிமையில் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் யாரோ இருப்பது போலத் தோன்றுவது சகஜம் என்று அவர் நிதானமாகச் சொன்னார். மெத்தைக்குமா அப்படித் தோன்றும் என்று கேட்டேன். அவர் சென்னையிலிருந்து வந்த பரிசோதனை முடிவை என் பக்கம் திருப்பினார். வேணுவின் செல்களில் முடிச்சுகள் தேய்வது நின்றுவிட்டது. நின்றது மட்டுமில்லை, வளர்ந்திருக்கின்றன. அறுபதாக இருந்தது இப்போது நாற்பத்தைந்தில் இருக்கிறது. சொல்லும்போது டாக்டரின் குரல் உடைந்தது. இதற்காகத்தான் என் வாழ்நாள் முழுக்க உழைத்தேன் என்றார்.

அவர் எண்களை மாற்றியிருப்பார் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் நான் வேணுவை நேரில் பார்த்துவிட்டு வந்தவள். அவன் கண்ணுக்குக் கீழே இருந்த பை காணோம். நரைமுடியின் அடியில் கறுப்பு முளைத்திருந்தது. கல்யாணத்தன்று இருந்த முகம் திரும்ப வந்திருந்தது. நாங்கள் ஆசைப்பட்டது இதற்குத்தானே? அதனால் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கே அவனைத் தரதரவென்று வெளியே இழுத்திருக்க வேண்டும். ஆனால் காயத்ரியின் அப்பன் இன்னும் முப்பது வருஷம் இருப்பான் என்கிற ஆசை என்னையும் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பின் கோடுகளைத் தினமும் பார்த்தேன். வேணு முழித்திருக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. தூங்கும் நேரம் நீண்டது. அவன் தூங்கும்போதும் அறையில் யாரோ நடமாடுவது தெரிந்தது. சாப்பாட்டுக் கிண்ணம் காலியாகி வந்த வேளைகளில் பாதி, அவன் பட்டை அசையவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலில் நான் தனியாக இருந்தேன். ரத்தக் குப்பிகளை அனுப்ப ஐஸ் வாங்கிவர டாக்டர் திண்டிவனம் போயிருந்தார். வெளியே வெயிலில் கண் கூசியது. கொல்லையில் மல்லாட்டை பிடுங்குகிறவர்களின் பேச்சு காற்றில் வந்து வந்து போனது. கம்ப்யூட்டரில் வேணு ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

உள்ளே செருப்பில்லாத காலடிச் சத்தம் கேட்டது.

கட்டிலைச் சுற்றி வந்தது. சுவரோரமாக நின்றது. அந்தப் புது சிமென்ட் பூசிய இடத்தை நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் கதவை நோக்கி வந்தது.

மேஜை மேல் இருந்த பேசும் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்தினால்தான் அது எரியும்.

மூச்சுச் சத்தம். பிறகு ஒரு பெண்ணின் குரல், தொண்டை காய்ந்து, ரகசியம் போல.

"பொழுது போயிடுச்சாம்மா?"

பச்சை விளக்கு அணையவில்லை.

"இன்னும் விளக்கு வெக்கலியா?"

உள்ளே இருப்பவருக்கு நேரம் சொல்லக்கூடாது என்ற சட்டம்தான் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியது என்றால் யார் நம்புவார்கள்? பெட்டிப் பக்கம் நீண்ட கையை இழுத்துக்கொண்டேன். பச்சை விளக்கு கொஞ்ச நேரம் எரிந்து, அணைந்தது. நான் எழுந்து ஓடினேன்.

அம்மணி கொல்லையில் மல்லாட்டைச் செடிகளை உதறிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மற்றப் பெண்களை விட்டு என்னை வரப்போரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். நான் அந்தக் குரல் கேட்ட கேள்வியைச் சொன்னேன். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

சீனுவாசனுக்குத் தைலம்மாள் என்று ஓர் அக்கா. புருஷனை விட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். நாற்பது வயதில் நோயில் விழுந்து, அந்த நடு அறையில் கிடந்து இறந்துபோனாள். இறந்தது சதய நட்சத்திரத்தில். அடைப்பு உள்ள நட்சத்திரம். அதில் போனவர்களை வாசல் வழியாக எடுக்க மாட்டார்கள். சுவரை இடித்து அந்த வழியாக எடுத்துவிட்டு, சுவரை அடைத்து, அறையைப் பூட்டிவிடுவார்கள். ஆறு மாதம் யாரும் அங்கே புழங்கக் கூடாது. ஆறு மாதமும் தினம் பொழுது சாய உள்ளே விளக்கு வைக்க வேண்டும். இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது டாக்டர் வீடு கேட்டு வந்தபோது. சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது, அவர்களும் அடைத்துத்தான் வைக்கப்போகிறார்கள் என்று சீனுவாசன் சொல்லாமல் கொடுத்துவிட்டார்.

"விளக்கு எதுக்குன்னு நினைச்சுக்கினு இருக்கீங்க?" என்றாள் அம்மணி. "விளக்கப் பாத்தாதான் ஒரு நாளு கழிஞ்சிச்சுன்னு அவங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளா எண்ணி, ஆறு மாசம் ஆனதும் கிளம்பிடுவாங்க. நீங்க வந்ததுலேருந்து அங்க பொழுதே போகலியே. அவங்க எப்பிடிக் கிளம்புவாங்க?"

கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, மெல்லச் சேர்த்துச் சொன்னாள்.

"சாவுற வரைக்கும் அதேதாங்க கேட்டுக்கினு இருந்தாங்க. இன்னும் கொஞ்ச நாளு வேணும், கொஞ்ச நாளு குடுங்கன்னு."

நாங்கள் திரும்பி வந்தபோது டாக்டரும் வந்துவிட்டார். கதவைத் திறக்கப் போகிறேன் என்றேன். அவர் குறுக்கே வந்து நின்றார். சாவு நடந்த வீடு என்று அவருக்குத் தெரியுமாம், எந்த வீட்டில் சாவு நடக்கவில்லை என்று கேட்டார். இன்னும் ஒரே ஒரு சாம்பிள், இந்த வாரம் மட்டும் என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். டாக்டரைத் தள்ளிவிட்டுத்தான் நான் கதவைத் திறந்தேன். இன்றைக்கும் அதற்காக எனக்கு வருத்தம் இல்லை.

அறை இருட்டாக இருந்தது. முன் அறையின் பகல் வெளிச்சம் கதவு வழியாக உள்ளே விழுந்தது. வேணு கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். அவ்வளவு பெரிய கட்டிலில் ஓரமாக, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு. உலுக்கி எழுப்ப ரொம்ப நேரம் ஆனது. கண்ணைத் திறந்தவன் என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் தடவிப் பார்த்தான்.

"அவங்க எங்க? ஆளு வராம நான் எப்பிடிக்கா சீட்ட விட்டு எழுந்திரிக்கிறது?"

காயத்ரி உன்னைக் கேட்டு அழுகிறாள், வா என்று பொய் சொன்னேன். அதற்குத்தான் எழுந்தான். கைத்தாங்கலாக நடத்திக் கூட்டி வந்தேன். இரண்டாவது கதவருகே நின்றான். பன்னிரண்டு வருஷம் ஷிப்ட் மாற்றிவிட்ட பழக்கம். அந்த இருட்டைத் திரும்பிப் பார்த்து, மரியாதையாகத் தலையை ஆட்டிச் சொன்னான்.

"போயிட்டு வர்றேங்க. இனிமே நீங்க பாத்துக்கங்க."

வாசலில் நின்ற அம்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் போயிட்டு வர்றேன் என்று சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும், வேணுவுக்கும் தெரியும். அது சாவு வீடு என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

உள்ளே கட்டில் ஒரு முறை கிறீச்சிட்டது. படுத்திருந்த யாரோ எழுந்து உட்காருகிற சத்தம்.

அன்று சாயங்காலமே அம்மணி உள்ளே விளக்கு வைத்தாள். அடைப்பு முடிகிற வரை விடாமல் வைத்தாள், அப்புறம் ஐயரைக் கூப்பிட்டுச் சாந்தி செய்து அறையைத் திறந்துவிட்டதாகச் சீனுவாசன் போனில் சொன்னார். உள்ளே எந்த வாசனையும் இல்லை, எல்லாம் சுத்தமாகிவிட்டது என்றார். நான் நம்பினேன். நான் ஒரு விஷயத்தை உடனே நம்பியது அநேகமாக அதுதான் முதல் தடவை.

நம்பக் காரணமும் இருந்தது. வேணு திண்டிவனத்தில் இருக்கும் தன் வாடகை வீட்டுக்கு மகளோடு திரும்பிவிட்டான். டோல்கேட்டில் பகல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். முடி முழுக்கக் கறுத்துவிட்டது. டாக்டர் ஒரு முறை போன் செய்து, கடைசி சாம்பிளில் அவன் செல்களின் வயது முப்பது என்று சொல்லிவிட்டு, வேறு எதுவும் பேசாமல் வைத்துவிட்டார். அன்று நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். எங்கள் அப்பாவுக்குக் கிடைக்காத வருஷங்கள் என் தம்பிக்குக் கிடைத்துவிட்டன என்று அழுதேன்.

அப்புறம் அவன் போன் எடுப்பது குறைந்தது. எப்போது கூப்பிட்டாலும் காயத்ரிதான் எடுத்தாள். அப்பா தூங்குகிறார் என்பாள். வேலைக்குப் போகிறானா என்று கேட்டால், போகும்போது போவார் என்பாள். எட்டு வயதுப் பிள்ளை, குரலில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கிளம்பிப் போனேன். உச்சி வெயில். தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கதவு சும்மா சாத்தியிருந்தது. வேணு உள் அறையில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தான். கூப்பிட்டேன், தட்டினேன், உலுக்கினேன். மூச்சு சீராக வந்தது. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. இருபத்தைந்து வயதுப் பையன் தூங்குகிற மாதிரி இருந்தது.

காயத்ரி கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நன்றாகச் சதை போட்டிருந்தாள். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. தலையை எண்ணெய் வைத்து வழித்து வாரி, இரட்டைச் சடை பின்னி, ரிப்பனை மடித்துக் கட்டியிருந்தது. வேணுவுக்குச் சடை பின்னத் தெரியாது. அதனால்தான் பிள்ளைக்கு எப்போதும் கிராப் வெட்டி வைத்திருந்தான். அவளுக்கு முடி எப்போது இவ்வளவு வளர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

சடையைத் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய் இன்னும் ஈரமாக இருந்தது. இப்போதுதான் பின்னியிருக்கிறார்கள்.

"யாருடா கண்ணு பின்னி விட்டது?"

அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அப்பா தூங்குறப்ப வருவாங்க அத்தை. சோறும் ஊட்டி விடுவாங்க."

அவளை வாரி எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று கையை நீட்டினேன். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் பயப்படுகிறேன் என்று புரிந்துகொண்டு, பெரிய மனுஷி மாதிரி என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"பயப்படாதீங்க அத்தை. அப்பா நூறு வயசு இருப்பாராம், அவங்க சொன்னாங்க. இப்பிடியே தூங்கிக்கினே இருந்தா போதுமாம்."